புதுப்பிப்பு: காணி உறுதிக்கு வீடியோவில் கையெழுத்து?

டொரண்டோவில் இருக்கும் அண்ணாவும் நானும் அம்மாவின் வெள்ளவத்தை வீட்டைப் பங்கிடும் உறுதியில் வீடியோ அழைப்பிலேயே கையெழுத்திட முடியுமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். முடியாது. இலங்கையின் 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, உறுதியை எழுதிச் சான்றுப்படுத்தும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டும். மின்கையொப்பத்துக்கு இடம் கொடுத்த 2006ஆம் ஆண்டுச் சட்டமும் காணி விற்பனையையும் கைமாற்றத்தையும் அற்றோணித் தத்துவத்தையும் (நம் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) வெளியே நிறுத்திவிட்டது.

ஆகவே அண்ணா அங்குள்ள நம் துணைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவத்தில் ஒப்பமிட்டு அனுப்பினார். அதை இங்கே பதிந்த பின், அவர் சார்பில் சித்தப்பா வந்தார்.

நேற்றுப் புதுக்கடையில் நொத்தாரிசான பெண் சட்டத்தரணி உறுதியை வரி வரியாக வாசித்தார். எல்லைகள் வந்ததும் சித்தப்பா கையை உயர்த்தினார்: "பிள்ளை, ஒழுங்கை வடக்கில் அல்லவா இருக்கிறது?" வடக்கும் தெற்கும் இடம் மாறியிருந்தன. அதே வரைவை மின்னஞ்சலில் மூன்று முறை வாசித்து "சரி" என்று பதில் போட்டவள் நான்தான். திரும்பத் தட்டச்சிட்டு வர இரண்டு மணி நேரம், இரண்டு தேநீர்.

கையெழுத்தோடு பெருவிரல் அடையாளமும் வைத்த மை இன்னும் போகவில்லை.