67 வாட் சார்ஜர்: நம் ஊர் வெயிலுக்குப் பற்றரி தாங்குமா?

தாழங்குடா ரீச்சர்

புதுப் போன் ஒன்று வாங்கினேன். பெட்டிக்குள்ளேயே 67 வாட் சார்ஜர் இருந்தது. முக்கால் மணிநேரத்தில் நிரப்பிவிடுகிறது. ஆனால் கண்ணாடி ஒட்டப் போன கடையில், "இதைப் பாவித்தால் ஒரு வருடத்தில் பற்றரி முடிந்துவிடும். பழைய 10 வாட் சார்ஜரை இரவில் போட்டுவிட்டுப் படுங்கள்" என்றார்கள். மகன் நேர்மாறாகச் சொல்கிறான். கம்பனியே தந்த சார்ஜருக்கு ஏன் பயப்பட வேண்டும், விடியும்வரை போட்டு வைப்பதுதான் கூடாது என்கிறான். இந்தப் போன் எனக்கு நான்கு வருடமாவது உழைக்க வேண்டும். கச்சான் காற்றும் தொடங்கிவிட்டது, மத்தியானத்தில் மேசையில் கிடக்கும் போனே கையில் சுடுகிறது. யார் சொல்வது சரி? காரணத்தோடு சொல்லுங்கள்.

கல்முனை காக்கா

கடைக்காரர் பக்கம்தான் நான், ரீச்சர். போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். மே தொடங்கி ஓகஸ்ட் மட்டும் பற்றரி ஊதிப் பின்மூடி எழும்பிய போன்கள் நிறைய வரும். பெரும்பாலானவை வேகச் சார்ஜ் போன்கள்.

மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அதே தடையில் பிறக்கும் சூடு நான்கு மடங்கு. பற்றரிக்குள் இருக்கும் திரவம் சூட்டில் சிதைந்து வாயுவாகும், அந்த வாயுதான் பையை ஊதச் செய்கிறது. ஐபோன் செய்கிற அப்பிளே, 35 பாகைக்கு மேற்பட்ட சூழலில் பாவித்தால் பற்றரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. கச்சான் அடிக்கும் நாளில் நம் வீட்டுக் கூடமே அந்த 35ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அதற்கு மேலே 67 வாட்டையும் ஏற்றினால் போன் சூட்டை எங்கே கொண்டுபோய் இறக்கும்?

வந்தாறுமூலைப் பிள்ளை

காக்கா, சூடுதான் எதிரி என்பதில் நமக்குள் பிரச்சினையில்லை. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நான் வேறுபடுகிறேன். பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

67 வாட் என்பது சார்ஜர் தரக்கூடிய உச்சம். அது தொடக்கம் முதல் முடிவு வரை ஓடாது. லித்தியம் அயன் பற்றரி இரண்டு கட்டமாக நிரம்பும். முதலில் மின்னோட்டம் அதிகம், மின்னழுத்தம் மெல்ல ஏறும். அழுத்தம் உச்சத்தைத் தொட்டதும் அதை அப்படியே பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தை இறக்கிக்கொண்டே போவார்கள். 80 வீதத்துக்குப் பிறகு போன் இழுப்பது மிகக் குறைவு. பற்றரியை ஒட்டி வெப்பத்தை அளக்கும் உணரியும் இருக்கிறது. 45 பாகையை நெருங்கினால் பெரும்பாலான போன்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துவிடும்.

அடுத்தது, சூடு எந்த இடத்தில் பிறக்கிறது என்பது. முன்பு சார்ஜர் அனுப்பும் அழுத்தத்தைப் போனுக்குள் வைத்துத்தான் இறக்கினார்கள், அந்த நட்டமெல்லாம் பற்றரிக்குப் பக்கத்திலேயே சூடாகியது. 2014இல் ஒப்போ கொண்டுவந்த வூக் முறையில் அந்த வேலை சார்ஜருக்கே போய்விட்டது. இன்றைய பல போன்களில், அழுத்தத்தைச் சரிபாதியாக்கி மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கும் மின்சுற்று இருக்கிறது, நட்டம் மிகச் சொற்பம். பல மாதிரிகளில் பற்றரியையே இரண்டு செல்லாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நன்றாக ஓடும் போன் உங்கள் கடைக்கு வருமா? வேகச் சார்ஜ் இல்லாத புதுப் போன் இப்போது கடைகளில் எத்தனை இருக்கிறது? எல்லோர் கையிலும் வேகச் சார்ஜ் போன் இருக்கும்போது, ஊதி வருவதிலும் அதுதானே அதிகம் இருக்கும்?

அக்கரைப்பற்று மின்பொறி

இரண்டு செல் விஷயத்தில் நான் குறுக்கிட வேண்டியிருக்கிறது தங்கச்சி. பற்றரியை இரண்டாகப் பிரித்துத் தொடராக இணைத்தால் வயரிலும் இணைப்பிலும் ஓடும் மின்னோட்டம் பாதியாகும், உண்மை. ஆனால் ஒவ்வொரு செல்லின் கொள்ளளவும் பாதிதானே. செல்லின் உள்ளே பார்த்தால் வேகம் மாறவேயில்லை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 5000 மில்லி அம்பியர் மணி என்று எழுதிய போன் பற்றரியில் ஏறத்தாழ 19 வாட் மணி ஆற்றல் இருக்கிறது. ஒரு மணிநேரத்தில் நிரம்பும் வேகத்தை 1 சி என்பார்கள். 10 வாட் சார்ஜர் என்றால் அரை சி. 25 வாட் என்றால் 1.3 சி. 67 வாட் முழுதாக உள்ளே போகிற அந்தச் சில நிமிடங்களில் 3.5 சி. செல் ஒன்றாக இருந்தாலும் இரண்டாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

சி கூடினால் என்ன நடக்கும்? சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயன்கள் காரீயத்தின், அதாவது கிரபைற்றின், அடுக்குகளுக்குள் நுழைய வேண்டும். போகலைச் சுரங்கத்தில் எடுக்கிறார்களே, அந்தக் காரீயம்தான். நுழைவதற்கு நேரம் போதாமல் போனால் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். படிந்ததில் ஒரு பகுதி திரும்பி வேலைக்கு வராது, அந்தக் கொள்ளளவு போனது போனதுதான். போனின் வெப்ப உணரிக்கு இது தெரியாது. "சூடாகவில்லை, ஆகவே பாதிப்பில்லை" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

வந்தாறுமூலைப் பிள்ளை

அண்ணா, சி கணக்கு சரி. நான் இரண்டு செல்லைச் சொன்னது வயரிலும் இணைப்பிலும் குறையும் சூட்டுக்காக. வேகமாக ஏற்றவென்றே செய்யும் செல்லின் உள்ளமைப்பும் வேறு. ஒரு முனைக்குப் பதிலாகப் பல முனைகள் வைத்து உள்தடையைக் குறைக்கிறார்கள், மின்முனைப் பூச்சையும் மெல்லியதாக்குகிறார்கள். பழைய செல்லுக்கு 3.5 சி கொடுத்தால் நாசம், இதற்கு அப்படியில்லை.

லித்தியம் படிவது மிக மோசமாக இருப்பது குளிரில். காரணம், அயன்கள் காரீயத்துக்குள் நகரும் வேகம் குளிரில் விழுந்துவிடுகிறது. மட்டக்களப்பில் தை மாதத்து வாடையிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்த ஒரு ஆபத்தில் நம் காலநிலை நமக்குச் சாதகம்.

நான் பயப்படுவது ரீச்சருக்குக் கடையில் சொன்ன மற்ற ஆலோசனைக்கு. 10 வாட்டில் போட்டுவிட்டுப் படுத்தால் நள்ளிரவு தாண்டியதும் நிரம்பிவிடும். அதன்பிறகு விடியும்வரை பற்றரி 4.4 வோல்ட்டை ஒட்டி, 100 வீதத்தில் நிற்கிறது. உயர்ந்த அழுத்தமும் வெப்பமும் சேர்ந்தால் உள்ளே வேண்டாத இரசாயனத் தாக்கங்கள் வேகமாக நடக்கும். பாட்டரி யுனிவர்சிட்டி தளத்தில் பலரும் காட்டும் அட்டவணை ஒன்று உண்டு. 40 பாகையில் முழுச் சார்ஜோடு ஒரு வருடம் வைத்த செல்லில் 65 வீதக் கொள்ளளவு மிஞ்சுகிறது. அதே 40 பாகையில் 40 வீதச் சார்ஜோடு வைத்தால் 85 வீதம் மிஞ்சுகிறது. யாரும் அதை வேகமாகச் சார்ஜ் செய்யவில்லை, சும்மா வைத்ததற்கே இவ்வளவு வித்தியாசம்! மெதுவான சார்ஜர் என்றால் இரவு முழுக்கப் போடலாம் என்ற நம்பிக்கை எவ்வளவு பற்றரியைக் கொன்றிருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கல்லடி ஓட்டோ

எங்களைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். போன் ஓட்டோவின் முன்கண்ணாடிக்குக் கீழே தாங்கியில் நிற்கும், மேப் ஓடும், அழைப்பு வரும், சார்ஜும் ஏறும். வெயில் நேரே அதன் மேல். வாங்கி இரண்டு வருடமாகவில்லை, இப்போது மத்தியானத்துக்கே 20 வீதத்துக்கு வந்துவிடுகிறது. எனக்கு 67 வாட்டும் இல்லை, ஓட்டோவில் பூட்டிய சாதாரண யூஎஸ்பிதான்.

வந்தாறுமூலைப் பிள்ளை

காக்கா, இதைப் பாருங்கள். வேகச் சார்ஜே இல்லை, பற்றரி போய்விட்டது. வெயில், திரை வெளிச்சம், மேப், நாள் முழுக்க நிரம்பியே நிற்கும் சார்ஜ் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. அண்ணா, தாங்கியை வெயில் படாத பக்கத்துக்கு மாற்றுங்கள். மேப் தேவையில்லாத ஓட்டத்தில் திரையை அணைத்துவிடுங்கள். 80 வீதம் வந்ததும் வயரைக் கழற்றுங்கள்.

கல்முனை காக்கா

தங்கச்சி, ஓட்டோத் தம்பியின் கதை என் பக்கத்துக்கும் சாட்சிதான். சும்மா யூஎஸ்பியிலேயே நம் வெயில் பற்றரியை இப்படி ஆக்குமென்றால், அதற்கு மேலே வேகத்தையும் ஏற்றுவது நல்லதாகுமா?

நீங்கள் சொல்வதெல்லாம் ஒரிஜினல் சார்ஜர், ஒரிஜினல் வயர், உறையைக் கழற்றிய போன் என்ற நிலையில் சரி. என் கடைக்கு வருபவர்கள் அப்படியில்லை. சார்ஜர் தொலைந்ததும் சந்தையில் 67 என்று எழுதிய கொப்பி ஒன்றை வாங்குகிறார்கள். போனுக்குத் தடித்த ரப்பர் உறை. சார்ஜ் ஏறும்போதே பிள்ளை கேம் விளையாடும். இதுதான் நம் ஊரில் வேகச் சார்ஜ். பற்றரி போனால் அதற்கு ஈடாக நல்லது ஒன்று எடுப்பதும் லேசில்லை. நம்பிப் போடக்கூடிய பற்றரிக்குக் கொழும்புக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன். உடனே கிடைக்கிற மலிவான பற்றரியில் எழுதியிருக்கும் கொள்ளளவு உள்ளே இருக்காது. அவசரமில்லாத ஆளுக்கு வேகம் எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

ஓட்டமாவடி

இடையில் ஒரு கேள்வி. வேகச் சார்ஜில் போன் வெடிக்கும் என்கிறார்களே? சாம்சங் நோட் 7 அதனால்தான் வெடித்தது என்று கேள்விப்பட்டேன்.

அக்கரைப்பற்று மின்பொறி

இல்லை. 2016இல் நோட் 7 தீப்பற்றியது பற்றரி செய்த விதத்தில் இருந்த குறையால். இரண்டு நிறுவனங்கள் செய்த பற்றரிகளிலும் வெவ்வேறு குறை இருந்ததாக 2017 ஜனவரியில் சாம்சங் அறிவித்தது. சார்ஜ் வேகத்தை அதில் கொண்டுவந்து போட வேண்டாம். ஊதிய பற்றரியை மட்டும் யாரும் அமத்தவோ குத்தவோ கூடாது, அது உண்மையான ஆபத்து.

திருக்கோவில் தோணி

அவசரமில்லாத ஆளுக்கு வேகம் எதற்கு என்று காக்கா கேட்டார். அவசரமிருக்கிற ஆட்களும் இங்கே இருக்கிறோம். நாங்கள் விடியப்புறம் கடலுக்குப் போகிறவர்கள். போனில் ஜிபிஎஸ் பார்த்துத்தான் வலை போட்ட இடத்துக்குத் திரும்புகிறோம். இரவில் மழையோடு கறண்ட் போய், இறங்க அரை மணிநேரம் இருக்கும்போது திரும்பி வந்தால், அந்த அரை மணிநேரத்தில் போன் 60 வீதத்தைத் தாண்ட வேண்டும். 10 வாட் சார்ஜர் அதைச் செய்யாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வெட்டினார்களே, கறண்ட் வரும் இடைவெளியில் வீட்டிலுள்ள எல்லாப் போனையும் ஏற்றி முடித்தது வேகச் சார்ஜர் இருந்தபடியால். பற்றரி ஒரு வருடம் முந்திப் போனாலும் எனக்குச் சம்மதம். கடலில் போன் அணைந்து போவது எனக்குச் சம்மதமில்லை.

கல்முனை காக்கா

தம்பி, உங்கள் தொழிலுக்கு அது வேண்டும். அதை நான் மறுக்கவே மாட்டேன். நான் கதைப்பது வீட்டில் இருந்துகொண்டு ஒரு நாளைக்கு மூன்று தடவை வேகமாக நிரப்புகிறவர்களைப் பற்றி.

வந்தாறுமூலைப் பிள்ளை

அந்த மூன்று தடவையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 40இலிருந்து 70க்கு ஏற்றுவது ஒரு முழுச் சுற்று ஆகாது. 100 வீதத்துக்குச் சமமான அளவு ஏறி இறங்கினால்தான் ஒரு சுற்று. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது லித்தியம் பற்றரிக்கு நல்லதுதான். அடியோடு இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல் பற்றரிக் காலத்துப் பழக்கம்.

கம்பனிகளின் உறுதிமொழியும் மாறியிருக்கிறது. ஐபோன் 14 வரைக்கும் 500 சுற்றுக்குப் பிறகு 80 வீதக் கொள்ளளவு மிஞ்சும் என்று சொன்ன அப்பிள், 15க்கு 1000 சுற்று என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களின் பற்றரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 வீதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வேகமான சார்ஜோடுதான் இந்தப் போன்கள் விற்கின்றன.

அக்கரைப்பற்று மின்பொறி

அந்தச் சுற்றுகளை எண்ணுவது ஆய்வுகூடத்தில், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி வைத்துக்கொண்டு. கச்சான் காலத்துச் சம்மாந்துறையில் அதே 800 கிடைக்கும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ரீச்சர் கேட்டது நான்கு வருடம். நான்கு வருடம் வேண்டுமானால் வெப்பத்தில் ஒவ்வொரு பாகையும் முக்கியம். 67 வாட் போன்கள் சிலவற்றில் வேகத்தைக் குறைக்கும் செட்டிங் இருக்கிறது, இருந்தால் மத்தியானத்தில் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் 18, 20 வாட் சார்ஜர் ஒன்றைப் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 1 சி வருகிறது, நம் வெயிலுக்கு அது போதும். 67ஐ அவசரத்துக்கு எடுங்கள்.

வந்தாறுமூலைப் பிள்ளை

நான் அந்த 67ஐயே காலை ஆறு மணிக்குப் போடச் சொல்வேன். அந்த நேரத்தில் அறை குளிர்ந்திருக்கும், உறையைக் கழற்றித் தரையில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் 80க்கு வந்துவிடும், அதோடு கழற்றிவிடலாம். பகல் சூட்டில் இரண்டு மணிநேரம் மெதுவாக ஏற்றுவதைவிட இது நல்லது என்பதுதான் என் கருத்து.

தாழங்குடா ரீச்சர்

எல்லோருக்கும் நன்றி. செட்டிங்குக்குள் போய்ப் பார்த்தேன், 80 வீதத்தில் நிறுத்தும் வசதி என் போனில் இருக்கிறது, போட்டுவிட்டேன். காலையில் 67ஐப் போடப் போகிறேன். ஆனால் அம்மாவின் போன் பழையது, அந்த வசதி இல்லை. அவர் இரவில் தலையணைக்குப் பக்கத்தில் வைத்து விடியும்வரை சார்ஜில் விடுகிறார். அதற்கு என்ன செய்வது?

கல்முனை காக்கா

முதலில் தலையணைக்குப் பக்கத்திலிருந்து எடுங்கள் ரீச்சர், இன்றைக்கே. பின்மூடி எழும்பியிருக்கிறதா, திரை ஓரம் விலகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் சார்ஜ் போடாமல் பக்கத்துக் கடையில் காட்டுங்கள். இல்லையென்றால் 10 வாட் சார்ஜரைப் பின்னேரம் விளக்கு வைக்கும் நேரத்தில் போட்டு, படுக்கப் போகும்போது கழற்றச் சொல்லுங்கள். இடி முழக்கம் தொடங்கினால் ஆளியை அணைத்தால் மட்டும் போதாது, சார்ஜரையே சுவரிலிருந்து பிடுங்கி வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சார்ஜ் ஏறாமல் என் கடைக்கு வரும் போன்களில் பல இடியில் அடிபட்டவை.

உங்கள் 67 விஷயத்தில் நான் இன்னும் தங்கச்சியோடு ஒத்துப்போகவில்லை. அடுத்த கச்சானுக்கு அந்தப் போனின் பற்றரி நலம் எத்தனை வீதம் காட்டுகிறது என்று இங்கேயே எழுதுங்கள்.