அரசியல் தத்துவம் வாசிக்கத் தொடங்கிறதெண்டா எந்தப் புத்தகம்?

பரந்தன் பெடியன்:
ஏஎல் எழுதிப்போட்டு கம்பஸைப் பாத்துக்கொண்டு வீட்ட நிக்கிறன். நீதி, உரிமை, அரசு எண்டு எல்லாரும் கதைக்கினம், அதையெல்லாம் அடியிலயிருந்து யோசிச்ச ஆக்களை வாசிக்கோணும் எண்டு ஆசை. எதில தொடங்கிறது? தமிழில இருந்தா நல்லம், இங்கிலீசும் எப்பன் தட்டித்தடவி வாசிப்பன்.

வாசிகசாலை அண்ணை:
தம்பி, வரிசையாப் போம். முதல் பிளேட்டோ, வெ. சாமிநாத சர்மா தமிழில செய்திருக்கிறார். பேந்து ஹொப்ஸின்ர 'Leviathan' (1651), லொக்கின்ர 'Two Treatises of Government' (1689), ரூசோவின்ர 'The Social Contract' (1762), மில்லின்ர 'On Liberty' (1859), கடைசியா றோல்ஸின்ர 'A Theory of Justice' (1971). நடுவில பூந்தா ஆர் ஆரோட கொழுவுகினம் எண்டே விளங்காது.

குளத்துக்கட்டு:
அண்ணை, உந்த வரிசையில போனா பெடியன் பிளேட்டோவிலயே நித்திரையாப் போயிடுவான். (நான் ரெண்டு தரம் போனனான்.) லொக்கின்ர அந்தப் புத்தகத்தின்ர ரெண்டாம் பாகத்தில சொத்தைப் பற்றின ஐஞ்சாம் அத்தியாயம் மட்டும் வாசியும் தம்பி, பழசெண்டபடியா நெற்றில சும்மா கிடக்கு. பொதுவாக் கிடக்கிற நிலத்தில உன்ர உழைப்பைக் கலந்தா அது உன்ரை, மற்றவைக்கும் போதுமானது விட்டு வைச்சா சரி எண்டுறார். எங்கட அப்பு காடு வெட்டி, வேர் கிளப்பி, ராவிராவா யானைக்குக் காவலிருந்து எடுத்த காணிக்கு இப்ப பெமிற் எங்கயெண்டு கேக்கினம், அப்பு லொக்கைக் கேள்விப்பட்டதே இல்லை ஆனா சாகுமட்டும் சொன்னது உதைத்தான்.

வாசிகசாலை அண்ணை:
உதுதான் துண்டு துண்டா வாசிக்கிறதில வாற வில்லங்கம், தனக்குத் தோதான வாதம் மட்டும்தான் மிஞ்சும். ஹொப்ஸ் உள்நாட்டுச் சண்டை நடந்த காலத்தில இருந்து எழுதினவர், அரசு இல்லாத இடத்தில ஆளுக்காள் பயம்தான் எண்டுறார். சண்டை கண்ட வன்னியில இருந்துகொண்டு அவரைத் தாண்டிப் போறதோ?

தேயிலைப்பேரன்:
குளத்துக்கட்டு அண்ணை, அந்த அத்தியாயம் நானும் வாசிச்சன், நீங்க ஒரு வரியை விட்டுட்டீங்க. என்ர குதிரை தின்ன புல்லு, என்ர வேலைக்காரன் வெட்டின புல்தரை, நான் கிண்டியெடுத்த தாது, எல்லாமே என்ர சொத்துதான் எண்டு லொக் எழுதுறார். எங்க தாத்தா 1977ல தமிழருக்கெதிரா நடந்த கலவரத்தோட மலைநாட்டில இருந்து ஓடி வந்தவரு. இங்க காடு வெட்டினது அவருதான், நாட்கூலிக்கு. காணி இன்னொருத்தர் பேர்ல. லொக் கணக்கில குதிரையும் எங்க தாத்தாவும் ஒண்டு.

அம்பேத்கரின்ர 'சாதி ஒழிப்பு'ல தொடங்குங்க தம்பி. 1936ல லாகூருக்குப் பேசக் கூப்பிட்டவங்களே எழுதின உரையைப் பாத்திட்டுப் பின்வாங்க, அவரே தன்ர செலவில அச்சடிச்சாரு. சாதி வேலையைப் பிரிக்கிறது மட்டுமில்ல, வேலை செய்யிறவனையே பிரிக்குது எண்டுறார். சின்னப் புத்தகம், நித்திரை வராது.

குளத்துக்கட்டு:
உந்தக் குதிரை வரி என்ர கண்ணில படேல்லை, உண்மையைச் சொல்லோணும். ஆனா மற்றவைக்கு மிச்சம் விடோணும் எண்டதும் அவர்தானே சொன்னவர், அது உங்கட பக்கமெல்லோ நிக்குது?

தேயிலைப்பேரன்:
மிச்சம் விட்டாங்கதான் அண்ணை. வாய்க்கால் தண்ணி ஏறாத மேடு.

டீச்சரக்கா:
றோல்ஸைக் கடைசியில வைச்சது எனக்குச் சரியாப் படேல்லை. இரணைமடுக் குளத்தில சிறுபோகத்துக்கு (மழையில்லாத காலத்து நெல்லுக்கு) தண்ணி எல்லா வயலுக்கும் காணாது, ஆருக்கு எத்தினை ஏக்கர் எண்டு கூட்டம் வைச்சுப் பிரிக்கிறவை. வாய்க்கால் தலைப்பில வயல் இருக்கிறவர் ஒரு நியாயம் சொல்லுவார், கடைசியில இருக்கிறவர் வேற நியாயம். உங்கட வயல் எங்கயெண்டு உங்களுக்கே தெரியாமல் பங்கைத் தீர்மானியுங்கோ எண்டா என்ன சொல்லுவியள்? றோல்ஸின்ர அறியாமைத் திரை உவ்வளவும்தான். புத்தகம் தலைகாணி மொத்தம், அந்தப் பகுதியை மட்டும் வாசிச்சாக் காணும்.

வாசிகசாலை அண்ணை:
டீச்சர், திரையைப் போட்டிட்டா அந்தாள்ன்ர தாத்தான்ர கதையும் திரைக்குப் பின்னால போயிடுமே. காடு ஆர் வெட்டினது எண்டது தெரியாமல் என்ன பங்கு பிரிக்கிறது?

டீச்சரக்கா:
ம்ம். அது யோசிக்க வேண்டிய இடம்தான்.

பரந்தன் பெடியன்:
இண்டைக்கு ராவு லொக்கின்ர ஐஞ்சாம் அத்தியாயம், நாளைக்கு அம்பேத்கர். பிளேட்டோவுக்கு வருவன் அண்ணை, கோவிக்காதேங்கோ. அந்தக் குதிரை வரி எத்தினையாம் பந்தி?

தேயிலைப்பேரன்:
28. மிச்சம் விடுற கதை அதுக்கு முதல் பந்தி முடியிற இடத்தில இருக்கு, ரெண்டையும் ஒண்டா வாசிங்க.