நான்கு நாள் விடுமுறை: நகரமா, தொலைதூரக் கிராமமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

கட்டாத மூட்டை:
எங்கள் வீட்டில் இரண்டு வாரமாக இதே வழக்கு. கையில் நான்கு நாள் இருக்கிறது. எனக்கு ஒரு பெரிய நகரம் வேண்டும்: அருங்காட்சியகம், நாடகம், நள்ளிரவிலும் ஆள் நடமாடும் தெரு. கணவருக்கோ செல்பேசிச் சிக்னல் எட்டாத மூலை ஏதாவது வேண்டும். அறிவுரை ஏற்கெனவே மலைபோல் குவிந்துவிட்டது. போன இடத்தில் உங்களுக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுங்கள்.

ஜன்னலோரம்:
இரண்டு இரவு தங்குவதற்காக மலையடிவாரத்துப் பண்ணைவீடு ஒன்றுக்குப் போனேன். ஏழு மணி நேரப் பயணம், அதில் கடைசி ஒரு மணி நேரம் மண்பாதை. போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. அமைதியைத் தேடித்தான் போனேன். அந்த அமைதியே என்னைத் தூங்கவிடவில்லை. கூரைமேல் ஏதோ ஓடியது. மரக்கதவு அவ்வப்போது முனகியது. என் மூச்சுச் சத்தமே பக்கத்தில் வேறு யாரோ படுத்திருப்பதுபோல் கேட்டது. இரண்டாம் இரவு அடித்துப்போட்டாற்போல் தூங்கினேன். மறுநாள் காலை, அந்த இடம் பிடித்துப்போகத் தொடங்கிய நேரத்தில், பையைக் கட்ட வேண்டியதாயிற்று.

இதற்கு ஒரு விளக்கம் இருப்பது பிறகுதான் தெரிந்தது. புதிய இடத்தில் தூங்குகிறவர்களின் மூளையை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் இரவில் மூளையின் இடப்பக்கம் வலப்பக்கம் அளவுக்கு ஆழ்ந்து உறங்குவதில்லையாம்; சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்ளத் தயாராக இருக்கிறதாம். பாதி மூளை காவலுக்கு உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போகவர ஒன்றரை நாள், காவலுக்கு ஓர் இரவு. நான்கு இரவு தங்க முடியாதென்றால் தொலைதூரக் கிராமத்தின் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கணக்கு.

இரைச்சல் பிரியை:
அந்த முதல் இரவுத் தொல்லை நகர விடுதிக்கும் பொருந்துமே, ஜன்னலோரம்! அங்கேயும் புதுக் கட்டில், புதுத் தலையணைதானே?

ஜன்னலோரம்:
பொருந்தும். ஆனால் நகரத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வெளியே ஒரு நடை போய்வரலாம். அந்தப் பண்ணைவீட்டில் கழிப்பறைவரை போவதற்கே டார்ச்சும் துணிச்சலும் தேவைப்பட்டன.

வால் நட்சத்திரம்:
நான் வானத்துக்காகவே கிராமத்துக்குப் போகிறவன். முதல் தடவை செய்த மடத்தனத்தைச் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்: பௌர்ணமியன்று போய் இறங்கினேன். நிலவொளியில் வயல்வெளி அழகாகத்தான் இருந்தது, பால்வீதியைத்தான் காணவில்லை. அடுத்த தடவை அமாவாசையை ஒட்டிப் போனேன். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். நடுவில் செல்பேசித் திரையை ஒரு முறை பார்த்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வெளிச்சம் வேண்டியே தீரும் என்றால் மங்கலான சிவப்பு விளக்கு தேவலை.

மனிதர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்குத் தாங்கள் வாழும் இடத்திலிருந்து பால்வீதி தெரிவதில்லை என்று 2016இல் வெளிவந்த இரவு வான வரைபடம் கணக்கிட்டது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்; முப்பத்திரண்டு வயதில்தான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். வயலோரம் போர்வை விரித்து அண்ணாந்து படுத்திருந்தபோது டார்ச்சோடு ஒரு பெரியவர் வந்தார். "தம்பி, உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்றார். மேலே காட்டினேன். "இது தினமும் இருக்கிறதுதானே" என்றவர், டார்ச்சை அணைத்துவிட்டு அரைமணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போதும் அதை ஏற்றவில்லை.

இரைச்சல் பிரியை:
அந்தப் பெரியவர் எனக்கு எதிர்ப்பட்டிருந்தால் நடந்ததே வேறாக இருந்திருக்கும்! நான் தனியாகப் பயணம் போகிற பெண். ஒரு கிராமத்தில் ஒரே நாளில் பதினொரு பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்: யார் வீட்டுக்கு வந்தாய், ஏன் தனியாக வந்தாய், கூட ஆள் இல்லையா? கேட்டவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை, அக்கறைதான். இருந்தாலும் மாலைக்குள் களைத்துப்போனேன். நகரத்தில் ஒருமுறை எதிர்த்திசை மெட்ரோவில் ஏறிவிட்டேன். கடைசி நிலையத்தில் இறங்கி நடந்தால், திறந்திருந்த ஒரு கூடத்தில் சேர்ந்திசை ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஒரே அடியைப் பத்துத் தடவை பாடிப்பாடித் திருத்தினார்கள். முடியும்வரை நான் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பயணத்தில் என் மனத்தில் நின்றது அதுதான்; பட்டியல் போட்டுப் பார்த்த இடங்களில் பாதி மறந்துவிட்டது.

நகரம் களைப்பைத் தராது என்று சொல்ல மாட்டேன். ஒரே நாளில் மூன்று அருங்காட்சியகங்களுக்குப் போய், மூன்றாவதில் உட்காரப் பெஞ்சு எங்கே என்பதை மட்டும் பார்த்தவள் நான். இதற்கு 'அருங்காட்சியகக் களைப்பு' என்றே பெயர் உண்டு. பெஞ்சமின் கில்மன் என்பவர் 1916லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பார்வையாளர் எப்படியெல்லாம் குனிந்து வளைந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்று புகைப்படம் எடுத்தே காட்டினார். ஒரு நாளைக்கு ஒன்று போதும். திங்கட்கிழமையில் பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பஸ்:
சிக்னல் இல்லாத இடம் கேட்கும் கணவருக்கு ஒரு வார்த்தை. அப்படி ஓர் இடத்தில் எனக்குக் கணுக்கால் பிசகியது. நாளுக்கு ஒரே பஸ், அதுவும் போய்விட்டது. செல்பேசி நாள் முழுவதும் கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரியைக் குடித்துத் தீர்த்திருந்தது. ஃபிளைட் மோடில் போட்டிருக்கலாம் என்பது அப்போது தோன்றவில்லை. வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொண்டால் செல்பேசிச் சிக்னல் இல்லாமலும் ஜிபிஎஸ் வழிகாட்டும். அது செயற்கைக்கோளிடமிருந்து வருவதை வாங்கிக்கொள்வதோடு சரி. பால்வண்டிக்காரர் ஒருவர் என்னைக் கேன்களுக்கு நடுவே ஏற்றிக்கொண்டுபோய்ச் சாலையில் விட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். இத்தனைக்குப் பிறகும் அங்கே இன்னும் இரண்டு முறை போயிருக்கிறேன்.

கட்டாத மூட்டை:
எல்லோருக்கும் நன்றி. பெரியவர் டார்ச்சை அணைத்ததைப் படித்ததும் நான் கட்சி மாறிவிட்டேன். நாட்காட்டியை எடுத்துப் பார்த்தால் எங்கள் நான்கு நாளுக்கு நட்டநடுவில் பௌர்ணமி. கணவரும் கணுக்காலைத் தடவிக்கொண்டே ஜன்னலோரத்தின் கணக்கு சரிதான் என்கிறார். நகரத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டோம். திரும்புவது ஞாயிற்றுக்கிழமை. சேர்ந்திசைக் கூடம் எந்த நகரத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே, பிரியை?