புதுப்பிப்பு: பல்லைச் சுற்றிச் செயற்கை எலும்புத் துகள்

ஈறு நோயால் கடைவாய்ப் பல்லருகே எலும்பு கரைந்துவிட்டது, செயற்கைத் துகள் வைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வைத்தாயிற்று. ஹைட்ராக்ஸிஅபடைட், பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் என்ற இரண்டு கால்சியப் பொருள்கள் கலந்தது. பின்னது மாதக்கணக்கில் கரைந்து புது எலும்புக்கு இடம்விடும். முன்னது மிக மெதுவாகவே கரையும் என்பதால் வடிவத்தைத் தாங்கி நிற்கும்.

எக்ஸ்ரே பற்றிக் கேட்டவர்களுக்கு: எலும்பு கரைந்த குழி வெள்ளையாகத் தெரிந்தாலே எலும்பு வளர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். துகளே வெள்ளையாகத்தான் தெரியும். எலும்பு பற்றிக்கொண்டு வளர, கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போன்றதுதான் அது. பல்லை எலும்போடு பிணைக்கும் நார்களைத் தானாக உருவாக்காது. குழி ஆழமாக, குறுகலாக, மூன்று பக்கம் எலும்புச் சுவரோடு இருந்தால் பலன் கூடும். புகைபிடிப்பவர்கள் முதலில் அதை விடுங்கள், தயவுசெய்து.

இப்போது வீக்கம் இல்லை. பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான பள்ளத்தின் ஆழத்தை அளக்க ஆறு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். முன்னதாகக் கருவி விட்டால் ஆறிவரும் திசு கலைந்துவிடுமாம்.