மறுமொழி: வென்டிலேட்டர் ‘வீனிங்’ – ‘தன்மூச்சு மீட்சி’ எனலாமா?

அன்புள்ள ஐயா, குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வென்டிலேட்டர் என்னும் செயற்கை மூச்சுக் கருவியிலிருந்து நோயாளியை மீட்டுத் தானே மூச்சுவிடச் செய்வதை ஆங்கிலத்தில் ‘வீனிங்’ என்கிறோம்; குழந்தையைப் பால் மறக்கச் செய்வதற்கும் அதே சொல்தான். அதற்குத் தமிழில் வந்த பரிந்துரைகளை இரண்டு நாளாக மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்த வேலையைத்தான் அன்றாடம் செய்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்தருள்க.

> பால்மறப்பு என்று நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. அதையொட்டிக் ‘கருவிமறப்பு’ எனலாம்.

சொல் அழகாக இருக்கிறது ஐயா. ஆனால் குழந்தை பாலை விரும்புகிறது. விரும்பியதை மறக்கச் செய்கிறோம். தொண்டையில் குழலோடு கிடப்பவர் கருவியை விரும்புவதில்லை. அவரது நுரையீரலும் தசையும் இன்னும் தயாராகவில்லை, அவ்வளவுதான். ‘மறப்பு’ என்றதும் தடை நோயாளியின் மனத்தில் இருப்பதுபோல் ஆகிவிடுகிறது. மயக்க மருந்தால் நினைவு தடுமாறுகிறவர்கள் நிறைந்த இடத்தில் அந்தச் சொல் வேறு குழப்பத்தையும் தரும்.

> ‘மூச்சு விடுவிப்பு’ எப்படி? ஆங்கிலத்திலும் இப்போது விடுதலை என்ற பொருளுள்ள சொல்லைத்தானே விரும்புகிறார்கள்?

ஆம், விரும்புகிறார்கள். ஆனால் தமிழில் ‘மூச்சை விட்டார்’ என்றால் என்ன பொருள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ‘கருவி நீக்கம்’, ‘கருவி விலக்கல்’ ஆகியவற்றிலும் எனக்கு இதே அச்சம்தான்.

ஒரு முறை, தேறிவந்த நோயாளி ஒருவரின் மனைவியிடம், “நாளைக் காலை வென்டிலேட்டரை எடுத்துப் பார்க்கப் போகிறோம்” என்றேன். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னேன். அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் விடியலில் உறவினர்கள் எல்லோரும் வாசலில் அழுதபடி நின்றார்கள். ‘எடுக்கிறோம்’ என்பதைக் ‘கைவிடுகிறோம்’ என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். ஓர் இரவு முழுவதும் அவர் பட்ட வேதனைக்கு என் வாய்ச்சொல்லே காரணம். அன்றிலிருந்துதான் இந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிழைக்க மாட்டார் என்று தெரிந்தபின் கருவியை நிறுத்துவது ஒன்று. இனி இது வேண்டாம், தானே மூச்சுவிடுவார் என்று அகற்றுவது வேறொன்று. இரண்டிலும் கை செய்வது ஒரே செயல். பொருளோ நேர் எதிர். முன்னதற்கு ‘உயிர்காப்பு விலக்கல்’ போன்ற ஒரு பெயரை வைத்துக்கொள்ளலாம். பின்னதற்கான சொல்லில் கருவியே வரக் கூடாது, நோயாளியின் மூச்சு வர வேண்டும் என்பது என் கட்சி. அப்படித்தான் ‘தன்மூச்சு மீட்சி’க்கு வந்தேன்.

> தன்னிச்சை சுவாசம் என்பது ஏற்கெனவே சில நூல்களில் இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் உறங்குகிறவர் மூச்சில் இச்சை எங்கே இருக்கிறது? மூளைத்தண்டு கட்டளையிட, உதரவிதானம் என்ற மூச்சுத்தசை இறங்குகிறது. விருப்பத்துக்கு அங்கே வேலை இல்லை. கருவி தள்ளாமல் தானாக நடப்பது என்பதை மட்டும் சொல்லத் ‘தன்மூச்சு’ போதும். சுவாசமா மூச்சா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. நோயாளியின் வீட்டார் மூச்சு என்றுதான் சொல்கிறார்கள்.

> ஆங்கிலச் சொல்லின் வேர் ‘பழக்குதல்’ என்பது. ‘தன்மூச்சுப் பழக்கல்’ என்றால் வேருக்கும் நேர்மையாக இருக்குமே?

இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வேர்ப்பொருள் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் மருத்துவ வரலாறு அந்தச் சொல்லுக்கு எதிராக நிற்கிறது. கருவியின் துணையைப் படிப்படியாகக் குறைத்து நோயாளியைப் ‘பழக்க’ வேண்டும் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1995இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு வேறு கதை சொன்னது. கருவி கொடுக்கும் மூச்சுகளின் எண்ணிக்கையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வந்ததைவிட, நாளுக்கு ஒரு முறை கருவித்துணை இன்றி மூச்சுவிடச் செய்து பார்த்தபோது, ஏறத்தாழ மூன்று மடங்கு விரைவாகக் குழலை எடுக்க முடிந்தது. அதாவது பெரும்பாலோருக்குப் பழக்கம் தேவைப்படவில்லை. அவர்கள் தயார் என்பதை நாம்தான் காலந்தாழ்த்திக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம். தம் குழலைத் தாமே பிடுங்கிவிடும் நோயாளிகளில் கணிசமானோருக்கு மீண்டும் குழல் தேவைப்படுவதில்லை என்பதும் இதையே காட்டுகிறது. ‘பழக்கல்’ என்ற சொல்லை ஏற்றால், அந்தப் பழைய எண்ணத்தைத் தமிழில் புதிதாக நட்டுவிடுவோம்.

தாமதம் சின்ன விஷயமன்று. கருவியே முழு வேலையையும் செய்யும்போது உதரவிதானம் மெலிகிறது. மூளைச்சாவு அடைந்த உறுப்புக் கொடையாளர்களிடம் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. 18 முதல் 69 மணி நேரம் அந்தத் தசை சும்மா இருந்ததிலேயே அதன் இழைகள் சுருங்கியிருந்தன. மறுபுறம், அவசரப்பட்டாலும் ஆபத்து. திட்டமிட்டுக் குழலை எடுத்தவர்களில் ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காட்டினருக்கு அதை மீண்டும் செருக நேர்கிறது. அவர்களிடையே இறப்பும் அதிகம். ஆகவேதான் யார் மீள்வார் என்ற கணிப்புக்கு இவ்வளவு மதிப்பு. இந்தக் கணிப்பைத் ‘தன்மூச்சு மீட்சிக் கணிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். தடையின்றி ஓடுகிறது.

கணிப்புக்கு உதவும் அளவுகளில் மிகவும் புகழ்பெற்றது 1991இல் யாங், டோபின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்டது. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை, ஒரு மூச்சில் எத்தனை லிட்டர் காற்று என்பதால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 20 முறை, 400 மில்லிலிட்டர் வீதம் இழுப்பவருக்கு 50 வரும். 35 முறை, 250 மில்லிலிட்டர் வீதம் இழுப்பவருக்கு 140. எல்லைக்கோடு 105. அதைத் தாண்டியவர் பெரும்பாலும் தோற்பார். தாண்டாதவர் வெல்வார் என்பதற்கு மட்டும் அந்த அளவுக்கு உறுதி கிடையாது. இருமும் வலிமை, சளியின் அளவு, விழிப்புநிலை, குரல்வளை வீக்கம், இதயம் தாங்குமா என்பது எதுவும் இந்த எண்ணுக்குள் இல்லை.

இதற்கு ‘விரைவு ஆழமற்ற சுவாசக் குறியீட்டெண்’ என்று ஒரு மொழிபெயர்ப்பைப் பார்த்தேன். சொல்லி முடிப்பதற்குள் நமக்கே மூச்சு வாங்குகிறது. வேகமாகவும் ஆழமில்லாமலும் மூச்சு வருவதை நம் மக்கள் எப்படிச் சொல்கிறார்கள்? “மேல்மூச்சு வாங்குகிறது.” இரண்டு பண்பும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. ‘மேல்மூச்சு எண்’ என்று வைத்துவிடலாமா? சாகும் தறுவாயில் இருப்பவரைப் பற்றியும் அப்படிச் சொல்வதுண்டு என்பதை மறுக்கவில்லை. இது மருத்துவக் குறிப்பில் மட்டும் வரும் சொல், வீட்டாரிடம் பேசும் சொல் அன்று என்பதால் துணிகிறேன். உங்களுக்கு உறுத்தினால் சொல்லுங்கள்.

கருவித்துணை இல்லாமலோ மிகக் குறைந்த துணையோடோ 30 நிமிடம் முதல் இரண்டு மணி நேரம் வரை விட்டுப் பார்ப்பதற்குத் ‘தன்மூச்சுத் தேர்வு’. ‘சோதனை’ என்று எழுதியிருந்தேன், அழித்துவிட்டேன். சோதனை என்றால் துன்பம் என்றும் ஆகிறது. தேர்வு என்றால் ‘தேறினார்’ என்ற வினை கூடவே வருகிறது. தேர்வில் தேறினார், உடல் தேறினார். இந்தப் பொருத்தம் வேறெந்த மொழியில் இப்படி வாய்க்கும்!

தேர்வில் தேறியபின் குழலை எடுப்பது ‘குழல் நீக்கம்’. இதை மீட்சியோடு கலக்கக் கூடாது. மூச்சு நன்றாக இருந்தும் தொண்டை வீங்கியிருந்தால் குழல் வேண்டியிருக்கும்.

> மீட்சி என்பது வெற்றியைக் குறிக்கும் சொல். தோற்றுப்போனால் என்ன சொல்வீர்கள்?

நியாயமான கேள்வி. நோயிலிருந்து மீளும் காலத்தையும் மீட்சி என்கிறோம். அது தடைப்படுவதும் உண்டு. ‘மீட்சி தடைப்பட்டது’ என்று எழுதினால் போயிற்று. ‘தோல்வி’ என்று எழுதாமல் இருப்பதே நல்லது என்றும் நினைக்கிறேன். வீனிங் பற்றி 2007இல் வந்த பன்னாட்டு வகைப்பாட்டையும் இந்தச் சொல் தாங்குகிறது. முதல் தேர்விலேயே தேறிக் குழல் நீங்கினால் எளிய மீட்சி. மூன்று தேர்வு வரை, அல்லது முதல் தேர்விலிருந்து ஏழு நாள் வரை ஆனால் கடின மீட்சி. அதையும் தாண்டினால் நெடிய மீட்சி.

அந்த அம்மாவிடம் இன்று பேசுவதாக இருந்தால், “நாளைக் காலை உங்கள் கணவர் தன்மூச்சுக்கு மீள முடிகிறதா என்று பார்ப்போம். களைத்தால் கருவி பக்கத்திலேயே இருக்கிறது, மறுபடி துணைக்கு வைப்போம்” என்று சொல்வேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எங்கும் இடறவில்லை. உங்கள் காதுக்கு எப்படிப் படுகிறது ஐயா? குறிப்பாக, ‘தன்மூச்சுக்கு மீளல்’ என்று வேற்றுமை உருபோடு விரித்து எழுத வேண்டுமா, தொகையாகவே விடலாமா என்பதில் உங்கள் தீர்ப்பு வேண்டும்.

அன்புடன்,
தங்கள் மாணவி