ஹாலோவீனுக்குப் பிள்ளைகளைக் காரில் கூட்டிப் போனவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மூன்றாம்மாடி:
போன வருஷம் நடந்தது. இன்னும் உறுத்துகிறது, அதனால்தான் எழுதுகிறேன். டல்லாஸுக்கு வடக்கே அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம். எங்கள் வளாகத்தில் வேஷம் போட்டுக்கொண்டு, ட்ரிக் ஆர் ட்ரீட் என்று மிட்டாய் கேட்டு யாரும் கதவைத் தட்டுவதில்லை, தட்டினாலும் பாதிப் பேர் திறப்பதில்லை. அதனால் பையனைக் காரில் ஏற்றிக்கொண்டு, பத்து நிமிஷம் தள்ளித் தனி வீடுகள் இருக்கிற பகுதிக்குப் போனோம். எங்களைப் போலவே வந்த வண்டிகள் தெருமுனை வரை நின்றன.

ஒரு வீட்டில் முழு சைஸ் சாக்லேட் கொடுக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குள் சேதி பரவி, வாசலில் வரிசை நின்றது. அந்த அம்மா சிரித்த முகம்தான். என் பையன் விண்வெளி வீரர் வேஷம். அவன் வாளியில் சாக்லேட்டைப் போட்டுவிட்டு "நீ எந்தத் தெரு?" என்று கேட்டார். இவன் ரொம்பப் பெருமையாக "பில்டிங் 7, மூன்றாவது மாடி" என்றான். அவர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்ற காரைப் பார்த்தார், "ஓ" என்றார். அவ்வளவுதான். கொடுத்ததைத் திருப்பி வாங்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. அந்த "ஓ" மட்டும்தான்.

திரும்பும்போது ஹெல்மெட்டைக் கழற்றாமலே பின் சீட்டிலிருந்து கேட்கிறான்: "அம்மா, நமக்குத் தெரு இல்லையா?"

என் வீட்டுக்காரர் இதெல்லாம் ஒரு விஷயமா என்கிறார். இந்த வருஷம் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியவில்லை. உங்களுக்கு என்ன நடந்தது?

எடிசன்வாசி:
நீங்களாவது இறங்கி நடந்தீர்கள். நாங்கள் செய்தது அதைவிட மோசம். பிள்ளைகள் நடைபாதையில் ஓட, கார் பின்னாலேயே ஊர்ந்துகொண்டு வரும். மழை தூறியது, அதுதான் சாக்கு. என் இரண்டு பேரும் எந்த வாசலில் நிற்கிறார்கள் என்று வலது பக்கமே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன். இடது பக்கம் நிறுத்தியிருந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்து கறுப்பாக ஏதோ பாய்ந்தது. பிரேக்.

ஐந்து வயசு இருக்கும். வௌவால் வேஷம். பம்பருக்கும் அந்தக் குழந்தைக்கும் நடுவில் ஒரு முழம் கூட இல்லை. அவளுக்குப் பயமே தெரியவில்லை. வாளி கவிழ்ந்ததுதான் அவளுக்குத் துக்கம். என் ஹெட்லைட் வெளிச்சத்தில் அப்படியே உட்கார்ந்து, நனைந்த ரோட்டிலிருந்து மிட்டாயை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். கதவைத் திறந்து இறங்கவும் கால் வரவில்லை. அவள் அம்மா ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனபோதும் ஒரு மிட்டாய் என் வண்டிக்கு அடியில் கிடக்கிறது என்று கையைக் காட்டினாள்.

அப்புறம் ராத்திரி தூக்கம் வராமல் தேடிப் படித்தேன். கனடாக்காரர்கள் அமெரிக்க விபத்துக் கணக்கை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். 1975 முதல் 2016 வரை 42 ஹாலோவீன் மாலைகளை, அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் உள்ள அதே கிழமை மாலைகளோடு ஒப்பிட்டால், நடந்து போகிறவர்கள் வண்டி மோதிச் சாகும் அபாயம் 43 சதவீதம் அதிகம். 4 வயசிலிருந்து 8 வயசு வரையுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் பார்த்தால் பத்து மடங்கு. ரோட்டில் ஒவ்வொரு காரும் அந்தக் கணக்கில் சேர்த்திதான், உள்ளே எவ்வளவு பாசமான அப்பா உட்கார்ந்திருந்தாலும். அன்றிலிருந்து ஹாலோவீன் அன்று, அக்டோபர் 31-ஆம் தேதி சாயங்காலம் எங்கள் வண்டி கராஜை விட்டு வெளியே வருவதில்லை. மற்றவர்களும் எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

ஸ்காபரோப்பெடியன்:
எடிசன்வாசிக்கு நடந்தது பயங்கரம்தான், இல்லையென்று சொல்லேல்லை. ஆனால் ஆரும் கார் எடுக்கக்கூடாது என்று சட்டம் போடாதீங்கோ. கராஜ் இருக்கிற ஆள் கதைக்கிற கதை அது.

நாங்கள் வந்த புதிதில் ஸ்காபரோவில் பதினொராம் மாடி. எங்கட பில்டிங்கில் லிஃப்டில் உச்சிக்குப் போய், மாடி மாடியாகத் தட்டிக்கொண்டு படியால் இறங்குவம். மழை இல்லை, ரோடு கடக்கத் தேவையில்லை. மூன்றாம்மாடி அக்கா, உங்கட இடத்தில் ஒருத்தரும் தட்டுறதில்லை என்றால் ஆரோ முதலில் தட்டவேணும்.

சரி, கதைக்கு வாறன். அப்பா அப்ப டாக்ஸி ஓடினவர். ஒரு வருஷம் ஷிஃப்டுக்கு நடுவில் எங்கள் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு பெரிய வீடுகள் இருக்கிற பக்கம் கொண்டுபோய் விட்டார். நல்ல குளிர். வேஷத்துக்கு மேலே விண்டர் ஜாக்கெட், அதால் நான் என்ன வேஷம் என்று எனக்கே தெரியாது. தலையணை உறையோடு நாங்கள் போக, அப்பா மேலே லைற்றை அணைச்சுப்போட்டுச் சீட்டில் சாய்ந்து நித்திரை.

திரும்பி வரேக்க ஒரு வெள்ளைக்காரர் டாக்ஸிக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். "நான் டாக்ஸி கூப்பிடேல்லையே" என்கிறார். அப்பா பதறி எழும்பி, தெரிந்த இங்கிலீஷில் "கஸ்டமர் வெயிட்டிங், சேர்" என்றார். எங்களைத்தான் கஸ்டமர் என்றார். அந்த மனிசன் எங்களையும் தலையணை உறைகளையும் பார்த்தார். உள்ளே போய் ஒரு சின்ன சிப்ஸ் பைக்கற் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்தார். அப்பா அதை டாஷ்போர்டில் வைச்சவர் ஒரு கிழமையாகத் திறக்கேல்லை. நாங்கள் கேட்டும் தரேல்லை. அவர் ஏன் பிள்ளையள் என்று சொல்லாமல் கஸ்டமர் என்று சொன்னவர் என்று இப்பவும் யோசிக்கிறனான்.

எடிசன்வாசி:
கராஜ் வாடகை வீட்டோடு வந்தது, தம்பி. மற்றபடி உங்கள் அப்பா செய்தது வேறு, அவர் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கினார். நான் அதைக் குறை சொல்லவே இல்லை.

டெட்ராய்ட்_மாமா:
என் அனுபவம் சின்னது, கடைசியில் சொல்கிறேன். முதலில் சில விஷயங்கள்.

மூன்றாம்மாடி, நீங்கள் போனது தப்பே இல்லை, நிறுத்திய இடம்தான் தப்பு. பையன் வாங்கும்போது அவன் முதுகுக்குப் பின்னால் காரை வைத்துக்கொண்டு நிற்பார்களா? இரண்டு தெரு தள்ளிப் பூங்கா ஓரமாக ஒரே இடத்தில் போட்டுவிட்டு, மிச்சம் எல்லாம் நடைதான். வீட்டுக்கு வீடு ஏற்றி இறக்கினால் நாலாவது வீட்டிலேயே "அடுத்த வீடுதானே" என்று பெல்ட் போடாமல் விட்டுவிடுவீர்கள், நான் பார்த்திருக்கிறேன். இறங்குவது நடைபாதைப் பக்கக் கதவு வழியாக மட்டும். தெருப்பக்கக் கதவில் குழந்தைப் பூட்டைப் போட்டுவையுங்கள். பஞ்சு அடைத்த உடையோடு கார் சீட்டில் உட்கார வைக்காதீர்கள். பட்டை இறுக்கமாக இருக்கிற மாதிரித் தெரியும், இருக்காது. வேஷத்தை அங்கே போய் மாட்டலாம். முகமூடி வேண்டாம், கண் மறைக்கும், சாயம் போதும். கறுப்பு உடையென்றால் முதுகில் ஒளி படுகிற டேப் ஒட்டுங்கள், அந்த வௌவால் பெண்ணுக்கு ஒட்டியிருந்தால் எடிசன்வாசிக்குத் தூக்கம் போயிருக்காது.

நேரம் இன்னொன்று. முன்பெல்லாம் அக்டோபர் கடைசி ஞாயிறு, குளிர்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்கள். 2007-லிருந்து அது நவம்பர் முதல் ஞாயிறுக்குப் போய்விட்டது, ஆகவே ஹாலோவீன் அன்று ஒரு மணி நேரம் கூடுதல் வெளிச்சம். எங்கள் ஊரில் ஆறரை வரை பரவாயில்லை. ஐந்தரைக்கே கிளம்புங்கள். சில ஊர்களில் நகராட்சியே நேரம் அறிவித்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். வாசல் விளக்கு அணைந்திருந்தால் படி ஏறக்கூடாது. நீலப்பச்சைச் சாயம் பூசிய பூசணி வைத்திருந்தால் அங்கே தின்பண்டம் அல்லாத பொருள் கிடைக்கும், நிலக்கடலை போன்றவை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்காக வந்த வழக்கம். இதெல்லாம் வேண்டாம் என்றால் சர்ச்சிலோ பள்ளியிலோ பார்க்கிங்கில் கார்களை நிறுத்தி, டிக்கியைத் திறந்து அலங்கரித்து, அங்கேயே மிட்டாய் கொடுப்பார்கள். கார் நிற்கும், பிள்ளை நடக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு மிட்டாயையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் செய்ததாக இருந்தால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். தெரியாதவர் கை.

என் அனுபவம்: 2011-ல் நான் சொன்னபடியே இரண்டு தெரு தள்ளி நிறுத்தினேன். திரும்பி வந்தால் எந்தத் தெரு என்று மறந்துவிட்டது. முக்கால் மணி நேரம் தேடினோம். சின்னவள் தோளிலேயே தூங்கிவிட்டாள்.

சோளக்காடு:
மாமா, கேட்டது அனுபவம். நீங்கள் டிரைவிங் ஸ்கூல் நடத்திவிட்டீர்கள். "தெரியாதவர் கை" என்று பயமுறுத்த வேண்டாம். 1974-ல் டெக்சஸில் ஹூஸ்டன் பக்கம் ஹாலோவீன் மிட்டாயில் சயனைடு கலந்து ஒரு பையனைக் கொன்றது பெற்ற தகப்பன், இன்சூரன்ஸ் பணத்துக்காக. பக்கத்து வீட்டுக்காரர் இல்லை.

அப்புறம் நடக்கச் சொல்கிற எல்லோருக்கும்: அயோவா கிராமப் பக்கம் வந்து நடந்து காட்டுங்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு மைல், அறுத்துப்போட்ட மக்காச்சோளத் தட்டை. நடைபாதையும் கிடையாது, விளக்கும் கிடையாது. சரளைக்கல் ரோடு. இங்கே காரில்தான் போக முடியும், போகாவிட்டால் ஹாலோவீன் இல்லை.

இங்கே டெமொய்ன் நகரத்துப் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகள் சும்மா கையை நீட்ட முடியாது, ஒரு ஜோக் சொல்ல வேண்டும். முன்பு பல வருஷமாக 30-ஆம் தேதியிலேயே வைத்து, பெக்கர்ஸ் நைட், அதாவது பிச்சைக்காரர் இரவு, என்று சொல்லிவந்தார்கள். என் பெண் ஒரு வாரம் பயிற்சி எடுத்தாள். மூன்றாவது வீடு, தனியாக இருக்கிற ஒரு பாட்டி, ஸ்வெட்டருக்கு மேலே ஏப்ரன். கதவு திறந்ததும் இவளுக்கு ஜோக் மறந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றவள், திடீரென்று தாத்தா சொல்லிக்கொடுத்த விடுகதையை அவிழ்த்துவிட்டாள். அடிக்க மாட்டாள், திட்ட மாட்டாள், ஆனால் அழவைப்பாள், யார்? அதையும் பாதித் தமிழ் பாதி இங்கிலீஷில். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "என் மாமியார்" என்றார். வெங்காயம் என்று இவள் சொன்னதும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவர் கூடையில் பாப்கார்ன் உருண்டை. நம்ம கார்த்திகைப் பொரி உருண்டை மாதிரியே, மெழுகுத் தாளில் சுற்றி, இருபது இருக்கும். மணி ஏழரை. கூடையில் ஒன்றும் குறைந்த மாதிரித் தெரியவில்லை. எங்களுக்கு நாலு கொடுத்தார். டெட்ராய்ட் மாமா கணக்குப்படி வீட்டில் செய்தது, குப்பைக்குப் போக வேண்டும். காரிலேயே சாப்பிட்டுவிட்டோம். அடுத்த வருஷம் போனபோது வாசல் விளக்கு எரியவில்லை. படி ஏறவில்லை. ஏறியிருக்கலாமோ என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

கொலுப்படி:
நான் அந்தப் பக்கத்து ஆள், அதாவது நீங்கள் எல்லாம் காரில் வந்து இறங்குகிற தெரு. கோபப்படாமல் கேளுங்கள். கலிபோர்னியா. எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடு, சாயங்காலம் நானூறு பிள்ளைகள் வருகிறார்கள். மொத்தக் கடையில் மூட்டை மூட்டையாக வாங்கியும் எட்டு மணிக்குத் தீர்ந்துவிடும், அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஆரம்பத்தில் எனக்கும் எரிச்சல்தான். இப்போது வந்தால் வரட்டும் என்றாகிவிட்டது. ஆனால் காரை என் வீட்டு டிரைவ்வேக்குக் குறுக்கே போடுகிறவர்களை மன்னிக்க மாட்டேன்.

சொல்ல வந்தது வேறு. 2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தது, ஞாபகம் இருக்கும். வாசலில் கோலம், ஐந்து அகல், பக்கத்தில் பூசணிக்காய். உள்ளே நான் முறுக்கு பிழிந்துகொண்டிருக்கிறேன், அவர் வாசலில் மிட்டாய். ஒரு பையன் அகலைக் காட்டி "இது பேய் வீட்டு விளக்கா?" என்று கேட்டானாம்.

எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டு நான் வெளியே வந்தபோது ஒரு வேன் நின்றது. பிள்ளைகள் இறங்கி ஓடிவிட்டார்கள். ஓட்டி வந்த அம்மா ஜன்னல் வழியாகக் கோலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், வேலைக்குப் போட்ட சீருடையோடு. அப்புறம் இறங்கி வந்து, "நீங்க தமிழா? ரோடு வரைக்கும் வாசனை" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். உள்ளே ஓடி ஒரு டப்பா நிறைய முறுக்கும் ரவா லட்டும் போட்டுக் கொண்டுவந்தேன். கொடுத்துக்கொண்டே "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன். மதுரையா, திருச்சியா, அதைத்தான் கேட்டேன். நாம் யாரைப் பார்த்தாலும் முதலில் அதைத்தானே கேட்போம்?

அவர் முகம் மாறிவிட்டது. "நாங்க இந்தத் தெரு இல்லைங்க, ரெண்டு எக்ஸிட் தள்ளி. பசங்க கேட்டாங்கன்னு... இப்பக் கிளம்பிடறோம்" என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகளைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் அதைக் கேட்கவில்லை என்று விளக்குவதற்குள் வேன் நகர்ந்துவிட்டது. டப்பா போனது பற்றி இல்லை. அதைத் திருப்பிக் கொடுக்கவாவது வருவார் என்று போன வருஷம் 31-ஆம் தேதி முழுக்க வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம்மாடி:
கொலுப்படி அக்கா, நாலு தடவை படித்தேன். என் பையனிடம் கேட்ட அந்த அம்மாவும் அடுத்து ஏதாவது சொல்ல வந்தாரோ என்னவோ, நான் நிற்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஸ்காபரோத் தம்பி சொன்னதைக் கேட்டு எங்கள் லாண்டரி ரூமில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். 31-ஆம் தேதி பிள்ளைகள் தட்டினால் பரவாயில்லை என்பவர்கள் கதவில் பூசணிப் படம் ஒட்டுங்கள் என்று. படமும் அங்கேயே வைத்திருக்கிறேன். இதுவரை மூன்று கதவு. அதில் ஒன்று எங்களுடையது.

டெட்ராய்ட்_மாமா:
என்ன டேப்? மாஸ்கிங் டேப் போடச் சொல்லுங்கள். சாதா டேப் கதவுப் பெயின்ட்டை உரித்துவிடும், காலி பண்ணும்போது டெபாசிட்டில் பிடிப்பார்கள்.