மார்பகப் புற்றுநோய்க்குப் பின் அட்ரினலில் தென்பட்ட கட்டி: ஊசி முதலா, இரத்தச் சோதனை முதலா?

செங்காங் வாசகி:
என் அக்காவுக்கு 62 வயது. 2018இல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடித்து, இதுவரை நலமாக இருக்கிறார். சிறுநீரகக் கல்லுக்காக, சாய மருந்து செலுத்தாமல் எடுத்த சிடி ஸ்கேனில், சிறுநீரகத்துக்கு மேலே உள்ள இடது அட்ரினல் சுரப்பியில் 2.3 செ.மீ. கட்டி இருப்பது தற்செயலாகத் தெரிந்தது. கட்டியின் அடர்த்தி 18 ஹௌன்ஸ்ஃபீல்டு அலகு (சிடி படத்தில் அடர்த்தியை அளக்கும் அலகு) என்று அறிக்கையில் உள்ளது. உடனே ஊசி வழியே திசு எடுக்கச் சொல்ல வேண்டுமா?

ஈசூன்காரன்:
தாமதிக்காதீர்கள், அக்கா. மார்பகம், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் புற்றுநோய் அட்ரினலுக்குப் பரவக்கூடியது. திசுவைப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

ஓய்வுபெற்ற தாதி:
தம்பி சொல்லும் அவசரத்தில்தான் ஆபத்து இருக்கிறது. அந்தக் கட்டி, அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கும் ஃபியோகுரோமோசைட்டோமாவாக இருந்தால், ஊசி பட்டதும் இரத்த அழுத்தம் உயிருக்கே உலை வைக்கும் அளவுக்கு எகிறலாம். ஆகவே அந்த ஹார்மோன்களின் சிதைவுப் பொருளை அளக்கும் மெட்டாநெஃப்ரின் சோதனை முதலில் நடக்க வேண்டும். அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசோல் ஹார்மோனையும் பார்ப்பார்கள்: இரவில் அதை அடக்கும் டெக்சாமெத்தசோன் மருந்தை 1 மி.கி. விழுங்கி, மறுநாள் காலை இரத்தம் கொடுத்தால், அளவு லிட்டருக்கு 50 நானோமோலுக்கு மேல் போகக் கூடாது. கட்டி ஒரே சீராக, 10 அலகோ அதற்குக் கீழோ இருந்திருந்தால், பழைய புற்றுநோய் இருந்தாலும் அதைத் தீங்கற்ற அடினோமா என்று கொண்டு விட்டுவிடலாம். 18 என்பது இரண்டுங்கெட்டான் எண்.

ஈசூன்காரன்:
இரண்டுங்கெட்டான் என்பதால்தான் கேட்கிறேன். சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் திசுக்களை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேனாவது உடனே எடுக்கலாமே? ஓராண்டு காத்திருந்து மறுபடி சிடி எடுப்பது, புற்றுநோயே வராதவர்களுக்குச் சொன்ன யோசனை.

ஓய்வுபெற்ற தாதி:
அதில் நியாயம் உண்டு. 2023ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதலும் இத்தகையவர்களுக்கு பெட் ஸ்கேனை ஒரு வழியாகச் சொல்கிறது. ஆனாலும் சில அடினோமாக்கள் அதில் ஒளிரும், ஃபியோகுரோமோசைட்டோமாவும் ஒளிரும். ஒளிர்ந்த மாத்திரத்தில் புற்றுநோய் என்று முடிவு கட்ட முடியாது. அதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது: 2018இல் வயிற்றுப் பகுதிக்கு சிடி எடுத்திருந்தால், அந்தப் படத்தைத் தேடி எடுத்து இன்றைய படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பழைய அறிக்கையில் கட்டியைப் பற்றி ஒரு வரியும் இல்லாவிட்டாலும், படத்தில் அது இருக்கக்கூடும். இத்தனை ஆண்டுகளாக அதே அளவில் இருந்தால், பரவிய புற்றுநோய் என்ற வாதம் பெரும்பாலும் அடிபட்டுப்போகும்.

செங்காங் வாசகி:
அப்போது எடுத்த குறுவட்டு வீட்டில் இருக்கிறது. நாளை மருத்துவரிடம் கொண்டுபோகிறோம்.

ஈசூன்காரன்:
பழைய படத்தில் கட்டியே இல்லையென்றால்?

ஓய்வுபெற்ற தாதி:
அப்போது நானும் உங்கள் பக்கம்தான்: உடனே பெட் ஸ்கேன். ஒளிர்ந்து, மெட்டாநெஃப்ரின் இயல்பாக இருந்து, திசுவின் விடை சிகிச்சையை மாற்றும் என்றால் மட்டும் ஊசி. அக்காவின் இரத்தச் சோதனை முடிவு கைக்கு வரும்வரை யார் வற்புறுத்தினாலும் ஊசிக்குச் சம்மதிக்க வேண்டாம்.